கோபுர வாசல் கரணச் சிற்பங்களை 3டியில் பதிவு செய்வது: எங்கே தொடங்குவது?

கோபுரவாசல் எழுதியது:

வணக்கம். சிதம்பரம் நடராசர் கோயில் கிழக்குக் கோபுர வாசலின் இருபுறமும் இருக்கும் கரணச் சிற்பங்களையும் (நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 நடன அசைவுகளைக் காட்டுபவை), ஒவ்வொன்றோடும் கிரந்தத்தில் வெட்டியிருக்கும் நாட்டிய சாஸ்திர சுலோகங்களையும் முறையாக டிஜிட்டலில் பதிவு செய்யத் திட்டமிடுகிறோம். நாங்கள் நான்கு பேர். இருவருக்குப் படமெடுக்கத் தெரியும், ஒருவர் பரதம், ஒருவர் கணினி.

கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 மி.மீ., 24 மி.மீ. லென்ஸ்கள், இரண்டு ஃபிளாஷ். லேசர் ஸ்கேனர் வாடகைக்கு எடுக்க வேண்டுமா, அல்லது போட்டோகிராமெட்ரி (பல கோணப் படங்களைச் சேர்த்து 3டி மாடலாக்கும் முறை) போதுமா? ஐபோனில் இருக்கும், ஒளியால் தூரம் அளக்கும் லைடார் உதவுமா? சுலோக வரிகள் பல இடங்களில் சுண்ணாம்பு அடைத்து மங்கிக் கிடக்கின்றன, அவற்றை எப்படி எடுப்பது? ஒவ்வொரு கரணத்தையும் ஆடிக்காட்டி, அதையும் சிற்பத்தோடு இணைக்க ஆசை. கோப்புகளுக்குக் கரணத்தின் பெயரையே வைத்துவிடலாம் என்று இருக்கிறோம்: தலபுஷ்பபுடம், வர்த்திதம், வலிதோருகம் என்ற வரிசையில். சரிதானே?

---

கல்லெழுத்து எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தப்பினால் மற்ற எல்லாம் சரியாக அமைந்தும் பயனில்லை. கரணப் பெயரைக் கோப்புப் பெயராக வைக்காதீர்கள்.

சிற்பம் எங்கே இருக்கிறது என்பது மாறாது. அது எந்தக் கரணம் என்பது ஒருவருடைய கருத்து. நாளை இன்னொருவர் சுலோகத்தை வேறு மாதிரி வாசித்தால் 1,000 கோப்புக்குப் பெயர் மாற்றிக்கொண்டு உட்கார முடியாது. ஆகவே இடத்தைக் கொண்டு எண் கொடுங்கள். கோபுரம், வாசலின் எந்தப் பக்கம், வெளியிலிருந்து உள்ளே எத்தனையாவது பத்தி (மேலிருந்து கீழாகப் போகும் கட்ட வரிசை), கீழிருந்து மேலே எத்தனையாவது கட்டம். CI-KI-VA-03-05 என்றால் சிதம்பரம், கிழக்கு, வடபுறம், மூன்றாம் பத்தி, ஐந்தாம் கட்டம். கோப்புப் பெயரில் ரோமன் எழுத்து, எண், இடைக்கோடு மட்டும் இருக்கட்டும். தமிழ் எழுத்தில் கோப்புப் பெயர் வைத்தால் சில பழைய மென்பொருள்கள் இன்றும் சொதப்புகின்றன. தமிழ்ப் பெயர், விளக்கம் எல்லாம் அட்டவணைக்குள் இருக்கட்டும்.

எண்ணும்போது வெற்றுக் கட்டம், பூவேலைக் கட்டம், சிதைந்த கட்டம் எதையும் தாண்டக் கூடாது. தாண்டினால் அதற்கு மேலே உள்ள எண் அத்தனையும் தப்பு. தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துப் பாருங்கள். விமானத்தின் மேல்தள உட்சுற்றில் 81 கரணங்கள் செதுக்கி, மிச்சம் 27 கற்களை வெறுமனே விட்டிருக்கிறார்கள். அந்த வெற்றுக் கற்களைக் கணக்கில் சேர்த்தால்தான் 108 என்ற திட்டமே புரிகிறது. அங்கே ஆடுவது சிவனே, நான்கு கைகளோடு. சுலோகமும் கிடையாது. சிதம்பரத்தில் ஆடுவது பெண், சுலோகம் பக்கத்திலேயே உண்டு. இரண்டு இடத்துக்கும் ஒரே அட்டவணை போடுவதாக இருந்தால் ‘ஆடுபவர்’, ‘கைகள் எண்ணிக்கை’, ‘எழுத்து உண்டா’ என்று தனித்தனிப் பத்திகள் இப்போதே போட்டுவிடுங்கள்.

சுலோக வாசிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. பாதி எழுத்து போயிருக்கும், நாட்டிய சாஸ்திர அச்சுப் பதிப்பைப் பார்த்து மீதியை நிரப்புவோம். நிரப்பியது எது, கல்லில் கண்டது எது என்று பிரித்துக் காட்டாவிட்டால், பின்னால் வருகிறவர் ‘கல்லும் பதிப்பும் அப்படியே ஒத்துப்போகின்றன’ என்று முடிவு கட்டிவிடுவார். ஒத்துப்போகவில்லை, நாம்தான் ஒட்டினோம். கல்வெட்டுப் பதிப்பில் உள்ள பழைய வழக்கத்தையே பின்பற்றுங்கள்: அழிந்து, நாம் ஊகித்து நிரப்பியது சதுர அடைப்புக்குள், மங்கல் எழுத்துக்குக் கீழே புள்ளி. கணினிக்கு என்றால் எபிடாக் என்ற குறிமுறை இதற்கென்றே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கிரந்தத்துக்கு யூனிகோடில் 2014 முதல் தனி இடம் உண்டு, நோட்டோ கிரந்த எழுத்துரு இலவசம். கிரந்தத்தில் ஒன்று, ஐஎஸ்ஓ 15919 ரோமன் ஒலிபெயர்ப்பில் ஒன்று, தமிழில் ஒன்று என மூன்றும் ஏற்றுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் ஏற்றினால் நான்கு ‘க’வும் ஒன்றாகிவிடும், தேடும்போது கிடைக்காது.

இன்னொன்று. 1914ஆம் ஆண்டுச் சென்னைக் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையில் இந்தக் கிழக்குக் கோபுரத்தின் 93 கரணங்கள் படத்தோடு வந்திருக்கின்றன. களத்துக்குப் போகுமுன் அதை அச்செடுத்து, உங்கள் கட்ட எண்ணை ஒவ்வொரு படத்தின் மேலும் எழுதிவிடுங்கள். நூறாண்டில் எது தேய்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன.

---

மூன்றாம்கண் எழுதியது:

படமெடுக்கும் பக்கத்தை நான் எடுத்துக்கிறேன்.

ஐபோன் லைடார் வேண்டாம். அறை அளக்க நல்லாருக்கும், சிற்பத்துக்கு ஆகாது. விரல், நகை, கண் எல்லாம் கொழகொழன்னு மெழுகு மாதிரி வரும். லேசர் ஸ்கேனர் வாசலின் மொத்த வடிவத்துக்கு நல்லது, ஒரு நாள் வாடகை போதும், 3 முதல் 5 மி.மீ. இடைவெளியில் புள்ளி எடுத்தால் சட்டகம் கிடைச்சிடும். பணம் இல்லைன்னா அதையும் விட்டுடலாம். சிற்பத்துக்கு உங்க கேமராவே போதும்.

கணக்கு இப்படி. 36 மி.மீ. அகல சென்சாரில் 6,000 பிக்சல், அதாவது பிக்சல் ஒன்று 6 மைக்ரான். 50 மி.மீ. லென்ஸோட 1 மீட்டர் தூரத்தில் நின்றால் கல்லில் ஒரு பிக்சலுக்கு 0.12 மி.மீ. ஒரு படம் 72 × 48 செ.மீ. பரப்பைப் பிடிக்கும். 24 மி.மீ. லென்ஸில் அதே இடத்திலிருந்து 0.25 மி.மீ. தான். விரல் முத்திரை பார்க்கணும்னா 50 தான். 24-ஐ மூலைமுடுக்கை ஒட்டவைக்க மட்டும் வச்சுக்கங்க.

கேமராவை நெட்டாகத் திருப்பி, பக்கவாட்டில் அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒண்ணு மேல ஒண்ணு படியணும்னா ஒவ்வொரு படத்துக்கும் 10 செ.மீ. நகரணும். மேலே போகும்போது 70 சதவீதம் போதும், அதாவது சுமார் 21 செ.மீ. ஒரு பத்தி 60 செ.மீ. அகலம், 6 மீட்டர் உயரம்னு வச்சுக்குவோம். 28 வரிசை, வரிசைக்கு 8 படம், மொத்தம் 220-க்கு மேல. இதோட சாய்கோணப் படம் இன்னொரு பாதி. நாலு பத்திக்கு 1,300 படம், ரா கோப்பா (கேமரா பதப்படுத்தாம தர்ற மூலக் கோப்பு) 35 முதல் 40 ஜிபி. ஒரு நாளில் நாலு பத்திக்கு மேல ஆசைப்படாதீங்க.

எல்லாமே மேனுவல். எஃப் 8, ஐஎஸ்ஓ 200, 1/125. ஃபோகஸை ஒருமுறை வச்சு டேப் ஒட்டிடணும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தா அணைச்சிடுங்க. அது உள்ளே கண்ணாடியை அசைக்கும், படத்துக்குப் படம் லென்ஸ் கணக்கு மாறும். ஒளி மாறும்போதெல்லாம் 24 கட்ட வண்ண அட்டையை வச்சு ஒரு படம்.

எண்ணெய்தான் பெரிய எதிரி. கை எட்டும் உயரத்தில் கல்லு கறுத்துப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு கேமரா நகர நகரக் கூடவே நகரும். மென்பொருள் அதைக் கல்லோட ஒரு புள்ளின்னு நம்பி, மேற்பரப்பில் கொப்புளம் கொப்புளமா போடும். இதுக்கு ஃபிளாஷ் முன்னாடி போலரைசர் தாள், லென்ஸில் அதுக்குக் குறுக்கா போலரைசர். மூணு ஸ்டாப் வெளிச்சம் போயிடும், ஃபிளாஷை ஏத்திக்கலாம். எண்ணெயைத் துடைக்கிறேன்னு யாரும் கிளம்ப வேண்டாம். பவுடர், ஸ்ப்ரே, கல்லில் ஒட்டும் ஸ்டிக்கர் குறி, எதுவும் கூடாது. குறியட்டைகளை (படங்களைப் பொருத்த மென்பொருளுக்கு உதவுற அட்டைகள்) தனி ஸ்டாண்டில் நிறுத்தி, கல்லுக்குப் பக்கத்தில் வைங்க.

கிழக்கு வாசல்னா காலையில் வெயில் உள்ளே நேரா பாயும், பக்கச் சுவரை உரசிக்கிட்டுப் போகும். கண்ணுக்கு அழகு, 3டிக்குச் சனி. நிழல் நகரும். மதியம் நடை சாத்தின பிறகு நல்லது, கூட்டமும் குறைவு. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை வாரங்களை விட்டுடுங்க. ஐப்பசி, கார்த்திகையில் கல்லு ஈரத்தில் கறுக்கும், நேத்து எடுத்ததும் இன்னைக்கு எடுத்ததும் நிறம் சேராது. தை, மாசி சரி. சிவராத்திரி நாட்டியாஞ்சலி நாட்கள் மட்டும் நீங்கலா.

மேல் கட்டங்களுக்குச் சவுக்குக் கட்டைச் சாரம் கட்டாதீங்க, கல்லில் முட்டும், கயிறு எங்காவது சிற்பத்தில் மாட்டும். ரப்பர் கால் வச்ச அலுமினியக் கோபுரச் சாரம், தனியா நிக்கிறது. இல்லைன்னா 5 மீட்டர் நீளக் கழி, மேலே கேமரா, போனில் பார்த்து அழுத்துறது. கழியில் கை நடுங்கும், ஃபிளாஷ் இருந்தா தப்பிக்கலாம்.

மங்கின எழுத்துக்கு ஆர்டிஐ. தகவல் உரிமை மனு இல்லீங்க, கேமராவை அசையாம நிறுத்தி விளக்கை மட்டும் அரைக்கோளமா சுத்திச் சுத்தி எடுக்கிற முறை. 48 முதல் 60 படம். பக்கத்தில் ரெண்டு பளபளப்பான கறுப்பு உருண்டை வைக்கணும், படத்தில் ஒவ்வொண்ணும் 250 பிக்சலுக்குக் குறையக் கூடாது. 1 மீட்டரில் 50 லென்ஸ்னா 3 செ.மீ. உருண்டை சரியா வரும். விளக்கு தூரம் மாறாம இருக்க ஃபிளாஷில் ஒரு நூல் கட்டி, எழுத்துப் பகுதியின் மூலைவிட்டத்தைப் போல மூணு மடங்கு நீளத்தில் பிடிச்சுக்கங்க. இதுக்குப் போலரைசர் கூடாது. இங்க அந்தப் பளபளப்புதான் எழுத்தைக் காட்டப்போகுது. முழுச் சிற்பத்துக்கும் ஆர்டிஐ எடுக்க நினைக்காதீங்க, நாள்தான் போகும். எழுத்துப் பட்டைக்கு மட்டும்.

---

சொற்கட்டு எழுதியது:

நடனப் பகுதியைப் பற்றி. ‘ஆடிக்காட்டி இணைப்பது’ என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் வேலையில் பாதி அதுதான்.

கரணம் நிற்கும் நிலை அல்ல, அசைவு. ஸ்தானம் (நிற்கும் நிலை), சாரி (கால் அசைவு), நிருத்த ஹஸ்தம் (நடனக் கை) மூன்றும் கூடினால்தான் கரணம். நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் அவர்களின் ஆய்வு வலியுறுத்தியதும் இதைத்தான். 24ஆவது கரணமான புஜங்கத்ராசிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சித (வளைத்த) பாதத்தைத் தூக்கி, தொடையைத் திருப்பி, இடுப்பும் முழங்காலும் திரும்ப வேண்டும் என்கிறது சுலோகம். முழுக்க வினைச்சொற்கள். சிற்பி அதில் ஒரு கணத்தைத்தான் பிடித்திருக்கிறார். தொடக்கமா, நடுவா, முடிவா என்பது கரணத்துக்குக் கரணம் மாறும். ஆகவே அட்டவணையில் ‘சிற்பம் காட்டும் கணம்’ என்று ஒரு பத்தி போட்டு, காணொளியில் அது எத்தனையாவது நொடி என்று எழுதுங்கள். அது ஆடுபவரின் கருத்து என்பதால் அவர் பெயரும் தேதியும் கூடவே.

சிற்பத்தைப் படமெடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் கரணம் தலபுஷ்பபுடத்தின் சுலோகம் இது: ‘வாமே புஷ்பபுட: பார்ச்வே பாதோ அக்ரதல ஸஞ்சர:, ததா ச ஸந்நதம் பார்ச்வம்’. இடப்பக்கத்தில் புஷ்பபுட ஹஸ்தம் (பூவை ஏந்துவதுபோல் குவித்த கைகள்), அக்ரதலசஞ்சர பாதம், விலா சந்நதமாக வளைந்திருக்க வேண்டும். அக்ரதலசஞ்சரம் என்றால் குதிகால் தூக்கி, பெருவிரல் முன்னே நீட்டி இருக்கும். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் குதிகால் தூக்கியிருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று ஒருநாளும் தெரியாது. அது தெரியாவிட்டால் சமபாதம் (தரையில் பதிந்த பாதம்) என்று பதிந்துவிடுவார்கள், கரணமே மாறிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் பாதத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும், தாழ்ந்த கோணத்தில், கூடுதலாக நான்கு படங்களாவது வேண்டும். கை மறைக்கும் மார்புப் பகுதிக்கும், தலைக்குப் பின்னால் போகும் கைக்கும் அதேபோல. 3டி எடுப்பதன் முழுப் பயன் இங்கேதான். அழகாகச் சுழற்றிக் காட்டுவதெல்லாம் பிறகு.

ஆடிப் பதிவதற்கு: மூன்று கேமராக்கள், முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. நொடிக்கு 120 ஃபிரேம், ஷட்டர் 1/500. 50 ஃபிரேமில் எடுத்தால் பாதம் தட்டும் கணம் மங்கிப்போகும். தரையில் 1 மீட்டர்க் கட்டமாக டேப் ஒட்டுங்கள். தொடங்குமுன் சதுரங்கப் பலகைப் படத்தை மூன்று கேமராவுக்கும் காட்டி அளவீடு செய்யுங்கள். சேர்த்து ஓட்டுவதற்குக் கைதட்டல் போதாது, சின்ன எல்இடி விளக்கு ஒன்று மூன்று கேமராவிலும் தெரியும்படி மின்ன வேண்டும்.

பயிற்சிப் புடவை வேண்டாம். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை மடிப்பு மறைத்துவிடும், உடலில் குறி ஒட்டாமல் அசைவைத் தரவாக்கும் மோஷன் கேப்ச்சர் மென்பொருள் மடிப்பைக் காலென்று நினைக்கும். உடலோடு ஒட்டிய ஒரே நிற உடை, பின்னணிக்கு வேறு நிறம். விரல் முத்திரையை எந்த மென்பொருளும் ஒழுங்காகப் பிடிக்காது, ஸ்வஸ்திகமாகக் கைகள் குறுக்கிட்டால் வலக்கை இடக்கையாகிவிடும். கைக்கு மட்டும் நான்காவது கேமரா, கைமுறைத் திருத்தம்.

ஒவ்வொரு கரணமும் வலமும் இடமும், விளம்பம், மத்தியமம், துரிதம் மூன்று காலத்திலும் என்றால் 108 × 2 × 3 = 648 பதிவுகள். ஒரு நாளைக்கு 40-க்கு மேல் ஆடினால் கடைசிப் பத்தில் அரைமண்டி (முழங்கால் மடித்துத் தாழ்ந்து நிற்பது) உயர்ந்துவிடும், அளவு பொய்யாகும். 16, 17 நாள் ஒதுக்குங்கள். ஆடுபவர் ஒருவரே என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள்.

சொற்கட்டை (வாயால் சொல்லும் ஆடல் சொற்களை) தனி மைக்கில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். தாளத்தை வேறு தடத்தில் வாங்குங்கள். இரண்டையும் ஒரே மைக்கில் வாங்கிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. சலங்கை சில பதிவுகளில் மட்டும் போதும்.

---

கோபுரவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எண் முறையை மாற்றிவிட்டோம். எங்கள் ஊரில் ஒரு பழைய மண்டபத் தூணில் 180 படம் எடுத்து மாதிரி ஓட்டிப் பார்த்தோம். சிற்பம் அருமையாக வந்தது. ஆனால் தூண் நடுவில் பிதுங்கி வாழைத்தண்டு வளைந்த மாதிரி இருக்கிறது, அசலில் நேராகத்தான் நிற்கிறது. 3டி மென்பொருளான மெட்டாஷேப் பிழை அளவு 0.6 பிக்சல் என்று நல்லதாகவே காட்டுகிறது. எங்கே தவறு?

---

மூன்றாம்கண் எழுதியது:

எல்லாப் படமும் தூணுக்கு நேர் எதிரே, ஒண்ணுக்கொண்ணு இணையா எடுத்திருப்பீங்க. அப்படி எடுத்தா லென்ஸ் வளைவையும் கல்லோட வளைவையும் மென்பொருளால் பிரிச்சுப் பார்க்க முடியாது. லென்ஸில் மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு வளைவைத் தூக்கித் தூண் மேல போட்டுடும். நீளமா போகப் போக வாழைத்தண்டுதான். 0.6 பிக்சல்னு காட்டுறது படங்கள் தங்களுக்குள் ஒத்துப்போகுதுன்னு சொல்லுது, அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து ஒரே பொய் சொன்னாலும் அந்த எண் நல்லாத்தான் இருக்கும்.

மூணு மருந்து. ஒண்ணு, சாய்கோணப் படங்கள்: ரெண்டு பக்கமும் 20, 30 டிகிரி சாய்ச்சு, கொஞ்சம் கேமராவைப் படுக்கவச்சும் நெட்டாவும் கலந்து. ரெண்டு, அளவுக்கோல். கீழே ஒண்ணு மட்டும் வச்சா போதாது, மேலேயும் நடுவிலேயும் வேணும். மூணாவது கொத்தனார் வித்தை. சாரத்தின் மேலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுங்க. நூலில் அரை மீட்டருக்கு ஒரு சின்னக் குறியட்டை கட்டுங்க. காத்தில் ஆடாம இருக்கக் குண்டை ஒரு வாளித் தண்ணியில் முக்கிடுங்க. மாடலில் அந்தக் குறியட்டைகள் ஒரே கோட்டில் நிக்குதான்னு பார்த்தா போதும், 6 மீட்டர் உயரத்தில் 5 மி.மீ.க்கு மேல விலகினா படத்தைத் திரும்ப எடுங்க. இதே நூல் எது மேலே, எது கீழேன்னும் சொல்லிடும், வாசல் சாஞ்சிருக்கா இல்லையான்னு அப்புறம் சண்டை வராது.

1,300 படத்தையும் ஒரேயடியா ஓட்ட 64 ஜிபி ராம் வேணும். இல்லைன்னா பத்தி பத்தியா ஓட்டி, குறியட்டைகளை வச்சு ஒட்டுங்க. இணையத்தில் காட்ட 3 லட்சம் முக்கோணத்துக்குக் குறைச்சு, நுணுக்கத்தை நார்மல் மேப்பில் (மேடுபள்ளத்தைப் படமா வச்சிருக்கிற கோப்பு) ஏத்திடலாம். ஆனா அந்தக் குறைச்ச கோப்பை அசல்னு யாரும் நினைச்சிடாம பெயரிலேயே ‘kaatchi’ன்னு போடுங்க.

---

பழம்பெட்டி எழுதியது:

பாதுகாப்பதும் அனுமதியும் பற்றிச் சுருக்கமாக.

அனுமதிக் கடிதம் யாருக்கு என்பது கோயிலுக்குக் கோயில் வேறு. சிதம்பரத்தில் நிர்வாகம் பொது தீட்சிதர்களிடம், 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதில் குழப்பமில்லை. தஞ்சையென்றால் நினைவுச்சின்னத்துக்கு இந்தியத் தொல்லியல் துறை, வழிபாட்டுப் பக்கத்துக்கு அரண்மனை தேவஸ்தானம், இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். மற்ற பெரும்பாலான கோயில்களில் அறநிலையத் துறை, செயல் அலுவலர் வழியாக. கடிதத்தில் ‘புகைப்படம் எடுக்க’ என்று மட்டும் எழுதினால் முக்காலியோடு வாசலில் நிறுத்திவிடுவார்கள். முக்காலி, ஃபிளாஷ், சாரம், எத்தனை பேர், எந்த நேரம், கல்லைத் தொடமாட்டோம் என்பது, எடுத்த கோப்பின் ஒரு பிரதியைக் கோயிலுக்கே தருவோம் என்பது, இத்தனையும் எழுதுங்கள். கடைசி வரிதான் பல இடங்களில் கதவைத் திறக்கும். ட்ரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம். வாசல் உள்பக்கத்துக்கு அதனால் பயனும் இல்லை, தஞ்சையில் விமானப்படைத் தளம் வேறு பக்கத்தில் இருக்கிறது.

ஆடுபவர், நட்டுவனார், பாடுபவர் அனைவரிடமும் எழுத்தில் ஒப்புதல். பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. ‘ஆவணத்துக்காக’ என்று வாய்மொழியாக வாங்கிவிட்டு, பின்னால் மோஷன் கேப்ச்சர் தரவை விளையாட்டு நிறுவனத்துக்கோ இயந்திரக் கற்றலுக்கோ கொடுப்பது பெரிய தவறு. அசைவுத் தரவு, ஒலி, காணொளி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று தனிக் கட்டம் போட்ட படிவம் தமிழில் இருக்கட்டும்.

கோப்பு: ரா படங்களை அப்படியே ஒரு பிரதி, டிஎன்ஜி என்ற பொது வடிவத்தில் ஒரு பிரதி. மாடல் பிஎல்ஒய், ஓபிஜே என்ற இரண்டு பொது வடிவங்களிலும். மென்பொருளின் சொந்தத் திட்டக் கோப்பை மட்டும் நம்பினால் பத்து ஆண்டில் திறக்க ஆளிருக்காது. அசைவுத் தரவு சி3டி, பிவிஎச் வடிவங்களில். ஒவ்வொரு கோப்புறைக்கும் ஷா-256 கூட்டுத்தொகைப் பட்டியல் (கோப்பு சிதைந்தால் காட்டிக்கொடுக்கும் எண்கள்), ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். கடலோர ஊர்களில் ஹார்ட் டிஸ்க்கைப் பீரோவில் பூட்டி வைத்தால் உப்புக்காற்று வேலையைக் காட்டும், காற்றுப்புகாப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போடுங்கள்.

பழைய குறிப்புகளை ஏற்றும்போது பாமினி, டிஎஸ்சிஐஐ போன்ற யூனிகோடுக்கு முந்தைய முறைகளில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை கண்ணால் படியுங்கள். கிரந்த எழுத்துகளும் எண்களும்தான் மாற்றியில் முதலில் உடையும்.

---

கல்லெழுத்து எழுதியது:

நடனப் பாரம்பரியம் என்றால் கரணம் மட்டும்தானா என்று ஒரு கேள்வி கிடக்கிறது. ஆடியவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. தஞ்சையில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் ஆடல் மகளிரை) குடியேற்றிய கல்வெட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தச் சேரி, எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதுவரை உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தெருக் கதவிலக்கப் பட்டியல் வேறெங்கே கிடைக்கும்?

அட்டவணையாக்கும்போது மூன்று இடத்தில் வழுக்கும். பெயர்கள் எல்லாம் ‘நக்கன்’ என்று தொடங்கும். அதை முதற்பெயராக எடுத்துக்கொண்டு அகரவரிசைப்படுத்தினால் 400-ம் ஒரே குவியலாகும், ஆகவே ‘நக்கன்’ தனிப் பத்தியில். ஒரே பெயர் பலருக்கு உண்டு. பெயரைத் திறவுகோலாக வைக்காமல் சேரி, சிறகு, வீட்டு எண் மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஊர்ப்பெயரை இன்றைய வரைபடத்தில் குத்தும்போது ‘உறுதி’, ‘ஊகம்’ என்று பிரியுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் சோழநாட்டில் சகஜம்.

கரண அட்டவணையும் இந்த ஆட்களின் அட்டவணையும் ஒரே இடத்தில் இருக்கலாம். ஆனால் இந்தப் பெண்கள் அந்தக் கரணங்களைத்தான் ஆடினார்கள் என்று இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துவிடாதீர்கள். கல் அதைச் சொல்லவில்லை.

---

கோபுரவாசல் எழுதியது:

நன்றி. தை பிறந்ததும் தொடங்குகிறோம். ஒரு சின்னக் கேள்வி: அளவுக்கோலை மரத்தில் செய்யலாமா, அலுமினியத்திலா?

---

மூன்றாம்கண் எழுதியது:

மரம் ஈரத்துக்கு ஊதும், வேண்டாம். அலுமினியம் 1 மீட்டருக்கு 10 டிகிரி வெப்பம் கூடினா கால் மி.மீ. கூட நீளாது, உங்க வேலைக்கு அது பொருட்டில்லை. வெயிலில் போட்டு வைக்காதீங்க, அவ்வளவுதான். நீளத்தைக் கடை டேப்பால் அளக்காம, ஒரு பட்டறையில் கொடுத்துக் குறிக்குக் குறி அளந்து, அந்த எண்ணைக் கோலின் முதுகில் எழுதி ஒட்டிடுங்க.